திருச்செந்தூரில் அமாவாசைக்கு அமாவாசை கடல் உள்வாங்குவது ஏன்? ஓத (கடல் ஏற்ற இறக்க) நேரத்தை எப்படிப் பார்ப்பது?

கோவில்பட்டி_ராஜி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அடிக்கடி திருச்செந்தூர் போகிற குடும்பம், பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் போவோம். அந்த நாட்களில் நாழிக்கிணறு பக்கம் தொடங்கி அய்யா கோயில் வரைக்கும் தண்ணீர் பின்னால் போய், பாசி பிடித்த பாறை எல்லாம் வெளியே தெரியும். ஜனங்கள் அதன் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுப்பார்கள். மறுநாள் பேப்பரில் "கடல் 100 அடி உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்" என்று வரும். சாயங்காலமே தண்ணீர் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது என்பதைச் செய்தியின் கடைசி வரியில் போடுவார்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், 2004 சுனாமியும் பௌர்ணமி அன்றுதான் வந்தது, அதனால் பௌர்ணமிக்குக் கடல் உள்வாங்கினால் உஷார் என்று வாட்ஸப்பில் ஒன்று சுற்றுகிறது. மாமியார் அதை நம்பி, இனிமேல் பேரப்பிள்ளைகளைக் கடலில் இறக்கவே கூடாது என்கிறார்கள். எனக்கு மூன்று சந்தேகம். ஒன்று, இது நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயமா. இரண்டு, போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன், ஏற்றம் இறக்கம் என்று மணி காட்டுகிறது, ஆனால் தினமும் மாறுகிறது, அதை எப்படிப் புரிந்துகொள்வது. மூன்று, நிலா இழுப்பதால் தண்ணீர் ஏறுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே ஏற வேண்டும், ஏன் இரண்டு தடவை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கொஞ்சம் விளக்கமாகவே சொல்லலாம்.

சும்மா_பார்ப்பவன்:

சுனாமிக்கும் பௌர்ணமிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் நம் நேரப்படி காலை ஆறரைக்கு நிலநடுக்கம், ஒன்பது மணி வாக்கில் சென்னைக் கரைக்கு அலை வந்தது. அன்றைக்குப் பௌர்ணமி என்பது உண்மைதான். ஆனால் வருடத்தில் அமாவாசையும் பௌர்ணமியும் சேர்த்து 24, 25 வருகிறது, அத்தனைக்கும் சுனாமி வந்திருந்தால் கடற்கரையில் ஒரு ஊர் மிஞ்சியிருக்காது. ஃபார்வர்டு பண்ணுகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள் அக்கா.

இரண்டாம்_மேட்:

ராஜி அக்கா, நான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் தூத்துக்குடி. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது புரிந்தால் முதல் கேள்வி தானாகத் தீர்ந்துவிடும்.

பூமி தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடுகிறது. அதனால் நிலா மறுபடி உங்கள் தலைக்கு மேலே வர 24 மணி நேரம் போதாது, கிட்டத்தட்ட 24 மணி 50 நிமிடம் ஆகும். அதில் பாதிதான் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் உள்ள இடைவெளி, 12 மணி 25 நிமிடம். இன்று காலை 7:10-க்கு ஏற்றம் என்றால் நாளைக்கு 8 மணி வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 50 நிமிடம் என்பது சராசரிதான். அமாவாசை, பௌர்ணமி பக்கம் தினம் நாற்பது நிமிடம்கூடத் தள்ளாது, அட்டமி பக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே தள்ளிப்போகும். ஆப் தப்பாகக் காட்டுகிறது என்று அதற்காக நினைக்க வேண்டாம்.

இதில் உங்களுக்கு உதவுகிற ஒரு விஷயம் இருக்கிறது. ஓர் ஊரில் ஓர் அமாவாசை அன்று இறக்கம் எத்தனை மணிக்கு வந்ததோ, அடுத்த பௌர்ணமிக்கும் அதற்கடுத்த அமாவாசைக்கும் ஏறக்குறைய அதே மணிக்குத்தான் வரும். நீங்கள் எப்போதும் அந்த நாட்களில்தான் போகிறீர்கள் என்பதால், ஒரு தடவை குறித்து வைத்தால் போதும். வேறு ஊருக்கு அந்த மணி பொருந்தாது, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு கணக்கு. திருச்செந்தூர் என்று ஆப்பில் தனியாக இல்லாவிட்டால் தூத்துக்குடியைப் பாருங்கள், பக்கத்தில்தான் இருக்கிறது, பெரிய வித்தியாசம் வராது. ஆப் காட்டுவது இந்திய நேரம்தானா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், சிலது கிரீன்விச் நேரத்தில் நிற்கும்.

மணிக்குப் பக்கத்தில் 0.3, 0.9 என்று மீட்டரில் ஒரு எண் இருக்கும். அது கடலின் ஆழம் கிடையாது. வழக்கமாகத் தண்ணீர் இதற்குக் கீழே போகாது என்று ஒரு தாழ்ந்த மட்டத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து எவ்வளவு மேலே என்ற கணக்கு. இந்தியத் துறைமுகங்களுக்கு இந்த அடிமட்டத்தை வகுத்தவர் ஜார்ஜ் டார்வின், பரிணாமம் சொன்ன டார்வினுடைய மகன். சர்வே ஆஃப் இந்தியா 1877-லிருந்து ஓதத்தை முறையாக அளந்துவருகிறது. 1879-லேயே இந்தியத் துறைமுகங்களுக்காக லண்டனில் ஓர் இயந்திரம் செய்தார்கள், முழுக்கப் பல்சக்கரமும் கப்பியும்தான், கைப்பிடியைச் சுற்றினால் அடுத்த வருடத்து ஏற்ற இறக்கத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்து தரும். கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால்!

இப்போது உங்கள் நூறு அடிக்கு வருகிறேன். தூத்துக்குடியில் அமாவாசையை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் சுமார் 70 சென்டிமீட்டர். அவ்வளவுதான், முழங்காலுக்குச் சற்று மேலே. அட்டமியை ஒட்டிப் பார்த்தால் 20 சென்டிமீட்டர்கூட வராது. ஆனால் கரை எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதில்தான் விஷயம். ஐம்பது அடி நடந்தால் ஓர் அடி இறங்குகிற சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 சென்டிமீட்டர் மட்டம் குறைந்தாலே தண்ணீர் விளிம்பு 30 மீட்டர் தள்ளிப்போய்விடும். அதுதான் பேப்பர்காரர் எழுதுகிற நூறு அடி. கடல் எங்கேயும் ஓடிப்போகவில்லை, மட்டம் இரண்டு அடி இறங்கியிருக்கிறது.

இதெல்லாம் ஓதமே இல்லை என்று சொல்கிற ஊர்களும் நம் நாட்டிலேயே இருக்கின்றன. சென்னையில் அமாவாசைக்கு ஒரு மீட்டர். மும்பை போனால் நாலைந்து மீட்டர். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் பத்து மீட்டரைத் தாண்டும், அதாவது மூன்று மாடி உயரம், ஆறு மணி நேரத்தில். அங்கே கோலியாக் என்ற ஊரில் கடலுக்குள்ளேயே ஒரு சிவன் கோயில் இருக்கிறது, நிஷ்களங்க் மகாதேவ். இறக்கத்தின்போது சேற்று மணலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் திரும்புவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். அதே வளைகுடாவில்தான் அலங் இருக்கிறது, பழைய கப்பல் உடைக்கிற இடம். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தின் உச்சத்துக்காகக் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும், நேரம் வந்ததும் இன்ஜினை முழு வேகத்தில் விட்டு நேராகக் கரையில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். தண்ணீர் இறங்கியதும் பத்தாயிரம் டன் கப்பல் சேற்றில் நிற்கும், ஆட்கள் நடந்தே அதன் அடிவயிற்றுக்குப் போய்விடலாம். அங்கே போய் "கடல் உள்வாங்கியது" என்று செய்தி போட்டால் சிரிப்பார்கள்.

கரும்பலகை:

மேலே தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார், மூன்றாவது கேள்வி பாக்கி. நான் இயற்பியல் ஆசிரியர், இந்தக் கேள்வியை வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும்.

நிலா தண்ணீரை மட்டும் இழுக்கவில்லை அம்மா, பூமியையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. ஓதத்துக்குக் காரணம் இழுப்பின் பலம் கிடையாது, இடத்துக்கு இடம் அந்த இழுப்பில் உள்ள வித்தியாசம். நிலா சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தொலைவு. பூமியின் ஆரம் 6,371. அப்படியானால் நிலாவைப் பார்த்த பக்கத்துத் தண்ணீர், பூமியின் மையத்தைவிட அவ்வளவு கிலோமீட்டர் நிலாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதன் மீதான இழுப்பு மூன்றரை சதவீதம் போல அதிகம். மறுபக்கத்துத் தண்ணீர் அதே அளவு தூரத்தில் இருப்பதால் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குறைவு. முன்னால் இருக்கிற தண்ணீர் பூமியை முந்துகிறது, பின்னால் இருக்கிற தண்ணீர் பூமியோடு சேர்ந்து வர முடியாமல் பின்தங்குகிறது. அதனால் இரண்டு பக்கமும் புடைப்பு. பூமி சுழலும்போது நம் ஊர் இரண்டு புடைப்பையும் கடக்கிறது, ஆகவே நாளுக்கு இரண்டு ஏற்றம்.

இதே கணக்கில் சூரியனையும் பார்த்துவிடலாம். பூமி மேல் சூரியனின் இழுப்பு நிலாவின் இழுப்பைப்போல சுமார் 180 மடங்கு. அப்புறம் ஏன் எல்லோரும் நிலா, நிலா என்கிறோம்? சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அந்தத் தூரத்துக்கு 6,371 கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை. இந்தப் பக்கத்துக்கும் மையத்துக்கும் இழுப்பில் வித்தியாசம் 0.0085 சதவீதம்தான் வருகிறது. அதை 180-ஆல் பெருக்குங்கள், ஒன்றரை. நிலாவுக்கு மூன்றரை. ஆக, ஓதத்தில் சூரியனின் பங்கு நிலாவுடையதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதால் இரண்டும் கூடுகின்றன, அட்டமி சமயத்தில் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதால் கழிகின்றன. ராஜி அம்மா பௌர்ணமிக்கும் உள்வாங்குகிறது, நிலாவே தெரியாத அமாவாசைக்கும் உள்வாங்குகிறது என்று சொன்னதற்கு இதுதான் காரணம், ஓதத்துக்கு அந்த இரண்டு நாளும் ஒன்றுதான். இன்னொன்று, கடலுக்குக் கொஞ்சம் தாமதம் உண்டு, பெரிய ஏற்ற இறக்கம் அமாவாசைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் பல இடங்களில் வரும்.

பாடப்புத்தகத்துப் படத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பூமியைச் சுற்றி முட்டை மாதிரி நீலமாகத் தண்ணீரை வரைந்து, நிலா அதைத் தூக்கிப் பிடித்திருக்கிற மாதிரி காட்டுவார்கள். நிலா எதையும் தூக்கவில்லை. தலைக்கு நேர் மேலே நிலா வரும்போது 60 கிலோ ஆளின் எடையில் குறைவது ஆறேழு மில்லிகிராம், அதை வைத்து ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடத் தூக்க முடியாது. ஓத விசை கடலைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த தண்ணீர் ஓரிடத்தில் குவிகிறது. அந்த முட்டையும் நிஜத்தில் இல்லை. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் சுழல்கிறது, 4 கிலோமீட்டர் ஆழக் கடலில் ஓர் ஓத அலை மணிக்கு 700 கிலோமீட்டர்தான் போக முடியும், நடுவில் கண்டங்கள் வேறு குறுக்கே நிற்கின்றன. அதனால் ஒவ்வொரு கடலும் தன் வடிவத்துக்கு ஏற்ற மாதிரி அலைபாய்கிறது. தண்ணீர் நிறைந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, நடையின் தாளமும் தண்ணீரின் ஆட்டமும் ஒத்துப்போனால் தளும்பிக் கொட்டுமே, கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் நடப்பது அதுதான், அந்த வளைகுடாவின் இயல்பான ஆட்டம் 12 மணி 25 நிமிடத்துக்கு மிக அருகில் இருக்கிறது, 16 மீட்டர் வரை ஏறுகிறது. பாவ்நகரில் புனல் மாதிரி குறுகிக்கொண்டே போகும் வளைகுடாவும் குறைந்த ஆழமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. நம் பக்கத்தில் கடல் திறந்து கிடக்கிறது, அதனால் எழுபது சென்டிமீட்டர்.

இரண்டு ஏற்றமும் ஒரே உயரம் இருக்காது என்பதையும் ஆப்பில் கவனித்திருப்பீர்கள். நிலா நிலநடுக்கோட்டுக்கு நேராக நிற்காமல் வடக்கிலோ தெற்கிலோ ஒதுங்கியிருப்பதால் வருவது அது. வியட்நாமின் டோன்கின் வளைகுடாவில் சில இடங்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான், நீங்கள் கேட்ட மாதிரியே.

அமலிநகர்_பொண்ணு:

எல்லாம் சரி சார், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆப்பில் வருகிற மணியை நம்பலாம், அந்த மீட்டர் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. ஏற்ற இறக்கமே எழுபது சென்டிமீட்டர்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படியென்றால் காற்று ஒரு அடி தள்ளினாலே கணக்கு பாதி போய்விடும் இல்லையா? ஆனி, ஆடியில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். நாள் கணக்கில் நின்று அடித்தால் தண்ணீரை வெளியே ஒதுக்கிவிடும், அந்த நேரத்தில் அமாவாசை இறக்கமும் சேர்ந்தால்தான் நீங்கள் பார்க்கிற பாறை முழுசாக வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது அதே அமாவாசைக்கு அதே பாறை தண்ணீருக்கு அடியில் கிடக்கும். பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் நாட்டுப்படகு தரைதட்டி நிற்கிற படம் பேப்பரில் வருமே, அதிலும் பாதி காற்றின் வேலை. ஓதம் மட்டும் காரணமென்றால் மாதத்துக்கு இரண்டு தடவை தவறாமல் வர வேண்டும்.

அப்பா ஆப் எல்லாம் பார்த்ததில்லை, காலண்டரில் திதி பார்ப்பார். அட்டமி, நவமிக்கு நீவாடு (கடல் நீரோட்டம்) சுணங்கிக் கிடக்கும், அமாவாசை பக்கம் இழுக்கும், வலை போட்டால் வலையையே கொண்டுபோகும். ஏற்றம் எத்தனை மணி என்பதைவிட நீவாடு எப்போது திரும்பும் என்பதுதான் அவருக்கு முக்கியம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

ராஜி அக்கா, உங்கள் மாமியார் பயப்படுவதில் தப்பு இல்லை, எதற்குப் பயப்பட வேண்டும் என்பதுதான் வேறு. அந்தப் பாறையில் பாசி எண்ணெய் மாதிரி இருக்கும், வழுக்கி விழுந்து கை ஒடிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாறைக்கு நடுவே குழிகள் உண்டு, முள் வைத்த மூரை (கடல் முள்ளெலி என்பார்கள்) ஒட்டிக்கொண்டிருக்கும், மிதித்தால் முள் ஒடிந்து உள்ளே நின்றுவிடும். செருப்பில்லாமல் பிள்ளைகளை விடாதீர்கள். தண்ணீர் திரும்புகிறபோது முதலில் உங்களுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் நிறையும், நிற்கிற பாறை கடைசியில்தான் நனையும். செல்ஃபி எடுக்கிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

இன்னொன்று கள்ளக்கடல். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று பெரிய பெரிய அலையாக வரும். தெற்கே அண்டார்டிகா பக்கத்துப் புயலில் கிளம்பிய அலை நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேருவது அது, எந்த ஓத அட்டவணையிலும் இருக்காது. 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிர் போனது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) இதற்கு எச்சரிக்கை கொடுக்கிறது, ஓத நேரமும் அவர்களிடமே கிடைக்கும். போகிற அன்று காலையில் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோவில்பட்டி_ராஜி:

அடேயப்பா, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. 60 சென்டிமீட்டர் நூறு அடி ஆகிற கணக்கை மாமியாரிடம் சொன்னேன், தலையாட்டினார்கள், "அப்போ சுனாமி வந்தா எப்படித் தெரியும்" என்று திருப்பிக் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் ஒரு சின்னக் கேள்வி, கன்னியாகுமரியில் நீர்மட்டம் தாழ்ந்ததால் படகு சேவை தாமதம் என்று அடிக்கடி வருகிறதே, அதுவும் இதேதானா?

இரண்டாம்_மேட்:

அத்தையிடம் இப்படிச் சொல்லுங்கள். ஓதம் இறங்க ஆறு மணி நேரம் எடுக்கும். அதிலும் முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்த மணியில் இரண்டு பங்கு, நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, ஒன்று என்று குறையும். உங்கள் ஊர்க் கணக்கில் எவ்வளவு வேகமாக இறங்கினாலும் மணிக்கு 17, 18 சென்டிமீட்டர்தான், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் இறங்குவதே தெரியாது. சுனாமியில் சில நிமிடங்களில் கடல் வடிந்து, சாதாரண இறக்கத்தில் ஒருபோதும் தெரியாத தரை எல்லாம் தெரியும், மீன் துள்ளிக்கொண்டு கிடக்கும். அதைப் பார்த்தால் ஆப்பைத் திறக்க வேண்டாம், மேட்டைப் பார்த்து ஓட வேண்டியதுதான். சில சமயம் வடியாமல் நேரடியாக அலையே முதலில் வருவதும் உண்டு, அதனால் கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாக ஆடினாலே கிளம்பிவிடுங்கள், வடியட்டும் என்று நிற்காதீர்கள்.

கன்னியாகுமரி விஷயம் இதேதான், கூடவே அந்த முனையின் அலையும். இறக்கத்தின்போது பாறை ஓரத்தில் படகுக்கு வேண்டிய ஆழம் கிடைக்காது, படகுத்துறையில் ஒட்டி நிறுத்தினால் அடி தட்டும். திருவள்ளுவர் சிலைப் பாறைக்குத்தான் முதலில் நிறுத்துவார்கள், அங்கே சுற்றிலும் பாறை அதிகம். ஆனால் 2024 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள், ஆகையால் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடினாலே போதும், சிலைக்கு நடந்துபோய்விடலாம்.

அமலிநகர்_பொண்ணு:

விடிகாலையில் இறக்கம் காட்டுகிற நாளில் கன்னியாகுமரி போனால் சூரிய உதயம் பார்த்துவிட்டு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு டிக்கெட் வரிசைக்குப் போங்கள் அக்கா, தண்ணீர் ஏறும் வரைக்கும் படகை எடுக்க மாட்டார்கள், வெயிலில் நிற்க வேண்டியதாகிவிடும்.